ஹிப்போபோட்டை என்றால் குதிரை மேய்ப்பவர்களா?

கேள்வி:
கிரேக்க வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பண்டைக் கிரேக்கத்தின் கால்கிஸ் நகரை ஆண்ட செல்வர்களுக்கு 'ஹிப்போபோட்டை' என்று பெயர். அகராதியில் 'குதிரை மேய்ப்பவர்' என்றிருக்கிறது. 'மேய்ப்பர்' என்று எழுதினால் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்தவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆள்கிறவர்களுக்கு ஏன் இந்தப் பெயர்?

பதில்:
அகராதி தவறில்லை. 'ஹிப்போஸ்' குதிரை, 'போஸ்கெய்ன்' மேய்த்தல், தீனியிடுதல். ஆனால் இவர்கள் கோலூன்றி நின்றவர்கள் அல்லர். கிரேக்கத்தில் பெரும்பகுதி மலையும் கல்லும். அங்கே மாடு ஏர் இழுக்கும், ஆடு பாலும் கம்பளியும் தரும். குதிரை போருக்கும் பந்தயத்துக்கும்தான். நல்ல புல்வெளியை அதற்கென்றே ஒதுக்க எத்தனை பேரால் முடியும்? கால்கிஸுக்கு அருகே லெலாண்டைன் சமவெளி இருந்தது. குதிரைப்படையை நம்பிய பழைய நகரங்களில் ஒரு சிலரே ஆண்டார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் காட்டும் சான்றுகளில் கால்கிஸும் ஒன்று.

மற்றொருவர்:
'பரிக்கிழார்' எனலாமே? கிழார் என்றால் நிலத்துக்கு உரியவர்.

பதில்:
அழகான சொல்தான், ஐயா. ஆனால் படிப்பவரைச் சங்க காலத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். 'குதிரை வளர்த்த நிலக்கிழார்கள்' என்பதே என் தேர்வு. அதில் 'நிலம்' கட்டாயம் இருக்க வேண்டும், அம்மா. ஏனென்றால் அவர்கள் இழந்ததும் அதைத்தான். கி.மு. 506-இல் ஏதென்ஸ் கால்கிஸை வென்றதும், இவர்களுடைய நிலத்தில் 4,000 ஏதென்ஸ்காரர்களைக் குடியமர்த்தியது. கைதிகளைத் தலைக்கு 2 மினா (அக்காலக் கிரேக்கப் பண அளவு) வாங்கிக்கொண்டு விடுவித்தது. அவர்களைப் பூட்டியிருந்த விலங்குச் சங்கிலிகள் ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில், பாரசீகர் வைத்த தீயில் கருகிய சுவர்களில், வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்திலும் தொங்கிக்கொண்டிருந்தன. மீட்புப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு குதிரை பூட்டிய வெண்கலத் தேர் ஒன்றைச் செய்து தங்கள் தெய்வமான அதீனாவுக்குக் காணிக்கையாக்கினார்கள். குதிரையால் பெயர் பெற்றவர்களின் பணத்தில் குதிரைத் தேர்! படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அதன் பீடத்துத் துண்டுகள் அக்ரோபோலிஸில் கிடைத்திருக்கின்றன.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அந்தத் தேர் என் நூலிலும் வருகிறது. கால்கிஸ் குதிரைகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. 'மேய்ப்பர்' என்று எழுதிய ஏழு இடங்களையும் இன்றிரவே திருத்திவிடுகிறேன்.