புதுப்பிப்பு: எங்கட ரேடியோ மூடேல்லை

போன கிழமை போட்டிருந்தன் தானே, சேர்வர் தாற கம்பனி ரோயல்டி லைசன்சை (பாடினவைக்குக் காசு கட்டி பாட்டுப் போடுற அனுமதி) நிப்பாட்டிட்டினம், வெள்ளவத்தையில என்ர அறைக்குள்ள இருந்து நடத்துற இன்டர்நெட் ரேடியோவ மூடவேண்டி வரும் எண்டு. கனபேர் மெசேஜ் போட்டனீங்கள், நன்றி.

"பாட்டுக்கு எவ்வளவு வரப்போகுது" எண்டு ஒரு அண்ணா கேட்டவர். உதாரணத்துக்கு, 2007இல அமெரிக்காவில இந்தக் காசைத் தீர்மானிக்கிற கொப்பிரைட் ரோயல்டி போர்ட் இன்டர்நெட் ரேடியோவுக்கு வச்ச ரேட்டைப் பாருங்கோ, 2010க்கு ஒரு பாட்டுக்கு, கேக்கிற ஒரு ஆளுக்கு 0.0019 டொலர். சின்னக் காசுதான், ஆனா மணித்தியாலத்துக்கு 15 பாட்டு, எந்த நேரமும் 100 பேர் கேக்கினம் எண்டா ஒரு நாளைக்கு 68 டொலர், வருசத்துக்கு கிட்டத்தட்ட 25,000! அந்த ரேட்டை எதிர்த்துத்தான் 2007 ஜூன் 26 அங்க கன இன்டர்நெட் ஸ்டேஷன்கள் ஒரு நாள் பாட்டே போடாம சத்தமில்லாம இருந்தவை. அதே நாட்டில டவர் வச்ச எஃப்எம்காரர் பாடினவைக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை, இது எனக்கு சுத்தமா நியாயமாப் படேல்லை.

அதுக்காக பாடினவைக்கு காசு போகக்கூடாதெண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்.

இப்ப, சொந்தமா பாட்டு எழுதிப் பாடிற ஆக்களிட்ட நேர கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் போடுறம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஐயா பஸ்ஸில வந்து ஷொப்பிங் பாக்குக்குள்ள சுத்தின கசற் ஒண்டைத் தந்தவர், லேபிள் மை எல்லாம் மங்கிப்போச்சு. பேப்பரில கையெழுத்து வச்சிட்டு "தம்பி, எத்தின மணிக்குப் போடுவியள்?" எண்டு கேட்டார்.

நாளைக்கு இரவு 8 மணி.