மறு: குறைமாதப் பிள்ளைக்கு மூச்சுவழி மருந்து, என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

தாய்மார் கையேடு சனிக்கிழமை கோரிப்பாளையத்தில் அச்சுக்குப் போகிறது. குறைமாதப் பிள்ளைகள் முகமூடி வழியே மூச்சோடு எடுக்கும் மருந்தை அதில் தமிழில் என்னவென்று எழுதுவது என்று கேட்டிருந்தேன். நேற்றிரவு வரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன்.

'இழுப்பு மருந்து' கூடவே கூடாது. இழுப்பு என்றால் நம் பக்கம் மூச்சிரைப்பு, சில வீடுகளில் வலிப்பு. 28 வாரத்தில் பிறந்த பிள்ளையிடம் 'இழு' என்று சொல்லவும் முடியாது. ஸ்பேசரின் (மருந்துக் குப்பிக்கும் முகத்துக்கும் நடுவே பொருத்தும் குழாயின்) முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி பிடித்தால், அது தானாக எடுக்கும் மூச்சிலேயே மருந்து போகும். வீறிட்டு அழுதால் நுரையீரலுக்குச் சேர்வது குறையும்.

'புகை மருந்து' மக்கள் வழக்கு என்கிறார் திருமங்கலத்து அண்ணன். உண்மைதான், 'புகை வைத்தாயிற்றா?' என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அச்சமே அதில்தான். கர்ப்பக் கணக்கில் 36 வாரத்தைத் தாண்டியும் ஆக்சிஜன் தேவைப்பட்ட பிள்ளைக்கு, வீட்டில் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவார்கள். அந்தப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது. புகை மருந்தென்று நாமே அச்சடித்துக் கொடுக்கலாமா? 'ஆவி' என்றால் கொதிநீர்ச் சட்டிதான் நினைவுக்கு வரும்.

சென்ற வாரம் உசிலம்பட்டிப் பாட்டி ஒருவர், மருந்துநீரை நுண்துளிகளாக்கும் நெபுலைசர் கருவியின் முகமூடியிலிருந்து வந்ததைப் புறங்கையில் வாங்கிப் பார்த்தார். "சூடே இல்லையே, மார்கழிப் பனி போல இருக்கிறது" என்றார். நெபுலா என்ற இலத்தீன் சொல்லுக்கும் மூடுபனி என்றே பொருள்! 'பனிமருந்து' என்று அங்கேயே எழுதினேன். அதற்குள் அவர் பேரன் தலையை முந்தானையால் மூடிவிட்டார். பனி பிள்ளைக்கு ஆகாதே. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

'தூவல்' அழகான சொல், தூவானத்தின் ஈரம் அதில் இருக்கிறது. ஆனால் தனித்தமிழ் அன்பர்கள் அதைப் பேனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அழகருக்கு நீர் பீய்ச்சும் தோல்பையிலிருந்து 'பீய்ச்சி' என்ற சொல் வரை நம் குழுவின் ஐயா நடத்திய ஆராய்ச்சியை ரசித்தேன். கையேட்டில் அதற்கு இடமில்லை.

நான் 'மூச்சுமருந்து' என்கிறேன். கருவியின் பெயர் நெபுலைசர் என்றே இருக்கட்டும், கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். இதுவரை ஐந்து பேர் சம்மதம். ஐயா மட்டும் 'உயிர்ப்பு மருந்து' என்பதில் நிற்கிறார். உயிர்த்தல் மூச்சுவிடுதலும் ஆகும், ஈன்றெடுத்தலும் ஆகும். இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருந்தும் சொல் இல்லை, மறுக்கமாட்டேன். ஆனால் உயிர் என்ற சொல்லைக் கண்டதும் தாய் பதறிப்போவாள், ஐயா.

கையேட்டு வரி இதுதான் (பியூடிசோனைடு என்பது மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்கும் மருந்து): 'பியூடிசோனைடு மூச்சுமருந்து கொடுத்ததும் பிள்ளையின் முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள்.' இதில் உங்கள் சொல்லை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதுங்கள்.