லினக்ஸின் அமைப்புகள் இருக்கும் எட்ஸி (/etc) ஃபோல்டரின் கோப்புகளைத் திருத்தும் முன் நகல் எடுக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையின் உபுண்டு சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் புது ஹார்ட் டிஸ்க் சேர்க்க, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைத் திருத்தினேன். டிஸ்க்கின் அடையாளக் குறியான யூயூஐடியில் ஒரே ஒரு எழுத்து தவறிவிட்டது. ரீபூட் செய்ததும் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. பழைய நகல் கையில் இல்லை. வாசலில் லோடு வண்டிகள் நிற்க, ஒன்றரை மணி நேரம் பில் போட முடியவில்லை. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டது.

அப்புறம் எதைத் தொட்டாலும் முதலில் சிபி மைனஸ் பி (cp -p) என்ற நகல் கட்டளை போட்டு, பெயரில் தேதி சேர்த்து நகல் எடுக்கிறேன். அனுமதிகள் மாறாமல் வரும். ஆனால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் (nginx) தள அமைப்புகள் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரிலேயே நகலை வைத்தபோது, அதையும் சேர்த்துப் படித்துவிட்டது. உபுண்டுவில் அந்த ஃபோல்டரில் கிடக்கும் எல்லாக் கோப்பையும் அது எடுத்துக்கொள்ளும். நல்லவேளை, ரீலோடு செய்யும் முன் அமைப்பில் பிழை உண்டா என்று சோதிக்கும் என்ஜின்எக்ஸ் மைனஸ் டீ (nginx -t) கொடுத்துப் பார்த்தேன்.

இப்போது மொத்த எட்ஸியையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட்டில் (git) வைக்கும் எட்ஸிகீப்பர் (etckeeper) என்ற கருவிக்கு மாற நினைக்கிறேன். கடவுச்சொல் ஹேஷ்கள் உள்ள ஷேடோ கோப்பும் அதில் சேருமே, வெளி சர்வருக்குப் புஷ் செய்ய (அனுப்ப) மனம் வரவில்லை. சரி, டிஸ்க்கே போய்விட்டால்? கடையில் ஒரு பழைய லேப்டாப் சும்மா இருக்கிறது. அதற்குத் தினமும் பத்திரமாக நகல் அனுப்ப என்ன வழி? பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.