‘கெட்’ யார் வீட்டுச் சொல்? பெறுதலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்கள் பற்றி

பழம்பதிப்பு:
நேற்று இன்னோர் இழையில் வடகாற்று அவர்கள், “ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்கர் கப்பலேறி வந்து கொடுக்கும் வரை ஆங்கிலேயரிடம் ‘பெறு’ என்பதற்குச் சொந்தச் சொல்லே இருந்ததில்லை, ‘கெட்’ முழுக்க அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து வாங்கிய கடன்” என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். படித்தது முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பெயெட்டன்’ என்ற வினை பெறுதல், அடைதல் என்ற பொருளில் நன்றாகவே வழங்கியது. அதுதான் பின்னாளில் ‘பிகெட்’ ஆகிப் பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்று சுருங்கிப்போனது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்ற இடத்தில் நிற்பது அந்தச் சொல்லே. நம் விவிலியத்திலும் அங்கே ‘பெற்றான்’ என்றே இருப்பதால், பொருள் நகர்ந்த வழி தமிழருக்குச் சொல்லாமலே விளங்கும். மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’டும் அதே குடும்பம்தான். இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டைக் காலிமனை என்று பத்திரம் எழுத எப்படித்தான் மனம் வந்ததோ!

வடகாற்று:
ஐயா, தாங்கள் காட்டியவை எல்லாம் முன்னொட்டின் தோளில் ஏறி வந்த சொற்கள். புரிந்துகொள்ளுதலைக் குறித்த ‘ஒன்யெட்டன்’ என்பதையும் தங்கள் பட்டியலில் நானே சேர்த்துத் தருகிறேன், அதுவும் அப்படித்தான். ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவில் ‘கெட்’ தனியாகத் தலைகாட்டும்போது, அது நார்ஸ் ‘கெட்டா’வின் சாயலில்தான் வருகிறது. அதைவிட முக்கியமானது ஒலி. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் யகரம் ஒலித்தது. அப்படியே வளர்ந்திருந்தால் இன்று ‘யெட்’ என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட ‘ஃபொர்யெட்’ என்றும், கொடுத்தலுக்கு ‘யீவ்’ என்றும் எழுதினார். ககரம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

ஏர்முனை:
இருவரும் ஒலியையே பிடித்துத் தொங்குகிறீர்கள், பொருளைப் பாருங்கள். இன்று கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபீ’ என்ற சொல்லோடு உறவுடைய ‘ஃபெயொ’ பழைய ஆங்கிலத்தில் கால்நடை, பணம் இரண்டையும் குறித்தது. லத்தீனிலும் கால்நடை ‘பெகுஸ்’, பணம் ‘பெகூனியா’. “மாடல்ல மற்றையவை” என்று வள்ளுவர் செல்வத்தை மாடு என்றதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வடகாற்று:
மாட்டைக் கொட்டிலில் கட்டுங்கள் நண்பரே, வள்ளுவரையும் விட்டுவிடுங்கள். கேள்வி ககரத்தைப் பற்றியது.

தேன்கூடு:
“சொந்தச் சொல்லே இருந்ததில்லை” என்ற கூற்றுதான் சண்டையின் தொடக்கம் என்பது இருவருக்கும் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. வாங்குதலைக் குறிக்கும் இன்றைய ‘பை’யின் முன்னோரான ‘பிஜ்ஜன்’ பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அழிந்துபோன ஜெர்மானிய மொழியான காதிக்கிலும் அதற்கு உடன்பிறப்பு உண்டு, ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே மட்டும் உறுதியான உறவு கிடைக்கவில்லை. அதோடு, ‘சீப்’ என்பது முதலில் மலிவைக் குறித்த சொல்லே அன்று. வணிகம், பேரம், விலை என்பதே பழைய பொருள், இலண்டனின் சீப்சைட் தெரு அந்தச் சந்தையின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. ‘நல்ல சீப்’ என்றால் நல்ல பேரம் என்று வழங்கி வந்த தொடரிலிருந்து ‘நல்ல’ உதிர்ந்து, மிச்சமே மலிவாயிற்று. வடகாற்று மகிழ வேண்டாம், அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் சிறுவணிகரைக் குறித்த ‘கௌப்போ’. உங்கள் கப்பலில் வந்த சரக்கு அன்று.

வடகாற்று:
வாங்குதல் வேறு, பெறுதல் வேறு அம்மா. என் கூற்று பெறுதலைப் பற்றியது. ஒரு மொழியின் அடுப்படி வரை நார்ஸ் நுழைந்ததற்கு இன்னொரு சான்றும் தருகிறேன். எடுத்தலுக்குப் பழைய ஆங்கிலேயர் வைத்திருந்த சொல் ‘நிமன்’, ஜெர்மனில் இன்றும் ‘நேமன்’ என்று வாழ்கிறது. நார்ஸ் ‘டாக்கா’ வந்து ‘டேக்’ ஆகி, அதை வீட்டைவிட்டே துரத்தியது. துரத்தப்பட்டதன் எச்சமாக, உணர்வு பறிபோனதைச் சொல்லும் ‘நம்’, சட்டென்று பற்றிக்கொள்ளும் சுறுசுறுப்பைச் சொன்ன ‘நிம்பிள்’ இரண்டும் தங்கின. ‘நிம்’ என்ற வினையோ கடைசிக் காலத்தில் திருடர் பேச்சில் திருடுதலைக் குறித்துக்கொண்டு திரிந்தது. எடுத்தலையே கடன் வாங்கியவர்கள் பெறுதலைக் கடன் வாங்கக் கூச்சப்பட்டிருப்பார்களா? ககரத்துக்கு இன்னும் விடை வரவில்லை.

மீன்கொத்தி:
இங்கிலாந்தின் முதல் அச்சகர் காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் சொன்ன கதை இங்கே பொருந்தும். தேம்சு வழியாக நெதர்லாந்துப் பகுதியான சீலாந்துக்குப் புறப்பட்ட வணிகர்கள் காற்றில்லாமல் நின்றுபோய்க் கரையிறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ வேண்டும் என்று கேட்க, அந்த அம்மாள் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். தனக்கும் தெரியாதே என்று அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. கூட வந்தவர் ‘எய்ரன்’ என்று கேட்ட பிறகே முட்டை என்பது அம்மாளுக்குப் புரிகிறது. ‘எக்’ நார்ஸ் வடிவம், ‘எய்’ உள்ளூர் வடிவம்.

வடகாற்று:
ஆகா, முட்டையிலும் ககரம் என் பக்கமே நிற்கிறது.

பழம்பதிப்பு:
நிற்கட்டும். ‘கெட்டா’வும் ‘யெட்டன்’னும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், பற்றிக்கொள்ளுதல் என்ற ஒரே வேரில் வந்தவை. பெரியப்பா மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் அவனை வழிப்போக்கன் என்பீர்களா? ‘வின்’ என்பதையும் பாருங்கள்: ‘வின்னன்’ என்றால் உழைத்தல், போராடுதல், பாடுபட்டுப் பெற்றதால் வெற்றியாயிற்று, இன்று குலுக்கலில் விழும் பரிசுக்கும் அதுவே சொல். இந்தச் சொல்லுக்கு எந்த வைக்கிங்கரும் வர வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ இழையில், இரண்டும் ஒரே வேரின் உள்ளூர் வடிவமும் நார்ஸ் வடிவமும் என்று நான் எழுதியதைத் தம் கண்டுபிடிப்பாக அடுத்த பக்கத்தில் போட்டுக்கொண்டவர், இன்று எனக்கு உறவுமுறை கற்பிக்கிறார்.

வடகாற்று:
அந்த இழையில் முதலில் எழுதியது யார் என்பதற்குத் தேதி சாட்சி. இப்போதும் நான் கேட்டது உறவுமுறை அன்று, ஒலி. ‘பெயெட்டன்’ ‘பிகெட்’ ஆனபோதும், ‘ஃபொர்யெட்’ ‘ஃபர்கெட்’ ஆனபோதும், யகரம் இருந்த இடத்தில் ககரத்தைக் கொண்டுவந்து வைத்தது யார்?

தேன்கூடு:
‘சொந்தம்’ என்பதற்கு இருவரும் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்று யாராவது ஒருவர் முதலில் சொல்லலாமே.

பழம்பதிப்பு:
முதலில் அவர் தேதியைக் காட்டட்டும்.