மறு: பிற்கால ரோமச் செப்புக்கலவைக் காசு – ‘துளைக்காசு’ சரியா?

> இங்கிலாந்து, வேல்ஸ் நிலங்களில் கிடைக்கும் பழம்பொருட்களுக்கான போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் பதிவுகளுக்குச் சொற்கள் தேடுகிறோம். காசு: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கால நும்மஸ் (சிறு செப்புக்கலவைக் காசு), கி.பி. 330–335, பின்பக்கம் இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு படைக்கொடிகள். முன்பக்கத்தில் அரசர் தலைக்கு மேல் துளை. ‘துளைக்காசு’ எனலாமா?

>> வேண்டாம். அந்தச் சொல் 1943–47இல் அடித்த ஓட்டைக் காலணாவைத்தான் நினைவூட்டும். அது அக்கசாலையிலேயே (காசு அடிக்கும் இடம்) ஓட்டையோடு வந்தது. இது பிறகு போட்ட துளை. ‘பின்துளைக் காசு’ என்று வைக்கலாம்.

வணக்கம்.

வேறுபாட்டைப் பிரித்தது மிகச் சரி. ஆனால் காசியலில் ‘பின்’ என்றால் பின்பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து துளைத்தார்கள் என்பதையும் பதிவில் எழுதுவதால், ‘பின்துளை’ கட்டாயம் குழப்பும். ‘துளையிட்ட காசு’ என்பதே என் பரிந்துரை. ‘இட்ட’ என்பதில் மனிதக் கை தெரிகிறது; அரிப்பால் விழுந்த பொத்தல் இதில் அடங்காது.

இதன்கீழ் இரண்டு சொற்கள் வேண்டும். ஆணியோ உளியோ கொண்டு அடித்தது ‘குத்துத்துளை’: நுழைந்த பக்கம் குழியும், வெளியேறிய பக்கம் உலோகம் பிதுங்கி விளிம்பு கட்டும். சுழற்றிக் குடைந்தது ‘குடைதுளை’: சுவர் நேராக, வட்டம் ஒழுங்காக இருக்கும். பிதுக்கத்தைப் பிற்காலத்தில் தேய்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அப்போது வெறுமனே ‘துளை’ என்று எழுதுவதே நேர்மை.

‘பதக்கக் காசு’ என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். ரோமருக்குப் பின் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் கல்லறைகளில் ரோமக் காசுகள் பதக்கமாகக் கிடைத்திருப்பது உண்மை. ஆனாலும் துளையின் வெளிவிளிம்புப் பக்கம் நூலோ வளையமோ உரசி நீண்டிருந்தால்தான் தொங்கவிட்டதற்குச் சான்று. துளைச் சுவரிலும் களிம்பு படிந்திருந்தால் துளை பழையது; உலோகம் பளிச்சென்றிருந்தால் ஏரோ மண்வெட்டியோ பட்ட புதுக் காயமாக இருக்கலாம். ஊசி விட்டுத் துளையைச் சுத்தம் செய்யவே கூடாது: இரும்புத் துருவோ நார்த் துணுக்கோ இருந்தால் அதோடு போய்விடும்.

‘வெண்கலம்’ என்பதையும் தவிர்ப்போம். பகுப்பாய்வு செய்யாமல் வெள்ளீயமும் ஈயமும் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. ‘செப்புக்கலவை’ போதும். எடையைக் குறிக்கும்போது ‘துளையிட்டது’ என்றும் சேர்க்க வேண்டும். இல்லையேல் எடைச் சராசரியில் குறைந்த எடை கலந்துவிடும்.

துளையின் இடத்தை முன்பக்கத்தைப் பார்த்து, கடிகார மணியில் சொல்வோம். அச்சுத்திசை என்பது, முன்பக்கம் நிமிர்ந்திருக்கக் காசை இடவலமாகத் திருப்பினால் பின்பக்க உருவின் தலை எந்த மணியில் நிற்கிறது என்பது. அது 6 என்றால், துளை 12இல் இருக்கும்போது அரசர் முகம் நிமிர்ந்தும் வீரர்கள் தலைகீழாகவும் தொங்குவார்கள். எந்தப் பக்கத்தை மேலாக நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல தடயம். அச்சுத்திசை 12 ஆனால் இந்தத் தடயமே கிடைக்காது.

மாதிரிப் பதிவு:
நும்மஸ், செப்புக்கலவை, துளையிட்டது. முன்பக்கம் 12 மணியில் குத்துத்துளை, முன்பக்கத்திலிருந்து அடித்தது, பின்பக்கம் பிதுக்கம் உண்டு, துளைச் சுவரில் களிம்பு, உரசல் இல்லை. அச்சுத்திசை 6.