கேஎல் கொண்டோ, சிங்கப்பூர் பிளாட், சென்னை அப்பார்ட்மென்ட்: ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் சிப்புட்டில் மாடி வீடு என்றால் தாமானில் (குடியிருப்புப் பகுதி) இருக்கும் இரண்டடுக்கு வீடுதான். மகள் கேஎல்லில் (கோலாலம்பூர்) சப்சேல் கொண்டோ (ஒருவர் வாங்கி மறுபடி விற்கும் தனியார் அடுக்குமாடி வீடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள், 27-ஆவது மாடி. எங்களையும் அங்கே வரச் சொல்கிறாள். மகன் சிங்கப்பூரில் எச்டிபி (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீடு ஒன்றில் அறை எடுத்திருக்கிறான். மனைவியின் சொந்தக்காரர்கள் சென்னையில். மூன்று ஊரையும் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. கேஎல்லில் கீழே ஏழெட்டு மாடிக்குக் காடிதான் (கார்) நிற்கிறது, அதற்கு மேலே நீச்சல் குளம், அப்புறம்தான் மனுசன். சிங்கப்பூரில் தரைத்தளம் காலியாகக் கிடக்கிறது. சென்னையில் தெருவுக்குத் தெரு ஐந்து மாடியோடு நின்றுவிடுகிறது. சிமெண்டும் கம்பியும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே? இதற்கிடையில் அம்மா, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், “நான் செத்தா பெட்டிய எப்படிடா கீழ எறக்குவ?” என்று கேட்கிறார். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா:
நிலத்து விலைதான் அண்ணே, வேறென்ன. நிலம் விலை ஏற ஏற வீடும் மேலே ஏறும்.

லிப்ட்காரன்:
அக்கா, விலை மட்டும் காரணம் என்றால் மூன்று ஊர் வீடும் ஒரே மாதிரி அல்லவா இருக்கணும்?

அண்ணே, நானும் சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான். லிப்ட் மெக்கானிக்காக முதலில் சிங்கப்பூர், இப்போது கேஎல். கட்டடத்தை நான் லிப்ட் ஓடும் ஷாஃப்ட்டுக்குள்ளிருந்து பார்ப்பவன். அடியில் உள்ள நிலம் யாருடையது, லிப்ட் கயிறு தேய்ந்தால் காசு யார் தருவது, இந்த இரண்டையும் கேட்டால் போதும், கட்டடம் ஏன் அப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் நிலம் அரசாங்கத்துடையது. எச்டிபி 1960-இல் தொடங்கியது. வீட்டை வாங்குகிறவருக்குக் கிடைப்பது 99 வருடக் குத்தகை. மாதாமாதம் நகர மன்றத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள், லிப்ட் பழுதானால் அந்த நகர மன்றம்தான் ஆள் அனுப்புகிறது. பழைய புளோக்குகளில் முன்பெல்லாம் லிப்ட் எல்லா மாடியிலும் நின்றதில்லை. சில மாடிகளில் மட்டும் நின்றது, மற்றவர்கள் படி ஏறவேண்டியிருந்தது. 2001-இல் அதைச் சரிசெய்யத் திட்டம் போட்டார்கள். பல புளோக்குகளில் கட்டடத்துக்கு வெளியே புது ஷாஃப்ட் கட்டி ஒட்ட வைத்தார்கள். ஒரு முதலாளி அந்தச் செலவைச் செய்வாரா? தரைத்தளத்தைக் காடிக்கு விடவில்லை, ஆட்கள் கூடிப் பழகக் காலியாக விட்டார்கள். அங்கே காடி வாங்குவதற்கு முன்னால் அதற்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கணும், அதனால் எல்லார் வீட்டிலும் காடி இல்லை. இருக்கிற காடிகளும் பெரும்பாலும் பக்கத்தில் தனிக் கட்டடத்தில் நிற்கும். காலி இடத்தில் கல்யாணமும் நடக்கும், சாவுச் சடங்கும் நடக்கும்.

கேஎல்லில் நிலம் டெவலப்பரிடம். வீட்டுக்கு இத்தனை காடிக்கு இடம் என்று மாநகராட்சி கேட்கும். நிறைய இடங்களில் அடியில் சுண்ணாம்புப் பாறையும் தண்ணீரும். தோண்டுவதைவிட மேலே கட்டுவது மலிவு. ஆக, நீங்கள் பார்த்த ஏழெட்டு மாடி. நீச்சல் குளம் விளம்பரத்துக்கு. அது கிடக்கட்டும். சாவி கொடுத்த பிறகு கட்டடத்தைக் கட்டிக் காப்பது உங்கள் பாடு. 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி வீடுகளுக்கான) நிர்வாகச் சட்டப்படி வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அமைக்கணும். மாதக் கட்டணம் கட்டணும். அதற்கு மேல் இன்னொரு பத்து சதவீதத்தைச் சிங்கிங் ஃபண்டுக்கு (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு) தனியாகக் கட்டணும். பாதிப்பேர் கட்டவில்லை என்றால்? ஒரு கொண்டோவில் மூன்று லிப்ட். காசு இல்லாமல் ஒன்றின் பாகங்களைக் கழற்றி மற்ற இரண்டையும் ஓட்டினோம். கண்ணாடி லாபி பளபளவென்றுதான் இருந்தது.

சென்னை எனக்குத் தொழிலில் தெரியாது. மச்சான் வீடு வாங்கும்போது பத்திரங்களைப் படித்துப் பார்த்தேன். அங்கே நிலத்தில் ‘பிரிக்கப்படாத பங்கு’ உங்கள் பெயரில் எழுதப்படும். யுடிஎஸ் என்பார்கள். ஒரே அளவு மனையில் மாடி கூடினால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும். பழைய மூன்று மாடி பிளாட்டை இடித்துக் கட்டும்போது பேரம் பேசுவது இந்தப் பங்கை வைத்துத்தான். 2019 விதிகளின்படி 18.3 மீட்டரைத் தாண்டினால் ‘உயர்மாடிக் கட்டடம்’. தெரு அகலம், சுற்றி விடும் இடம், தீயணைப்பு அனுமதி எல்லாம் கூடும். சின்ன மனையில் அது கட்டுப்படியாகாது. கீழே வண்டி நிறுத்தத் தூண்கள், மேலே ஐந்து மாடி, அதோடு சரி.

அம்மாவின் கேள்விதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. பழைய பிளாட் லிப்ட்டில் பெட்டி படுத்தவாக்கில் போகாது. படி வழியாகத் தூக்கி இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் மேல்மாடி 18.5 மீட்டரைத் தாண்டினால் பொம்பா லிப்ட் (தீயணைப்பு வீரர்களுக்கான லிப்ட்) கட்டாயம். பெரும்பாலும் அதுதான் அகலமானது. டேப் எடுத்துப் போய் உள் ஆழத்தை அளந்துவிடுங்கள். இன்னொன்று, சில கொண்டோக்களில் உடலை வீட்டுக்குக் கொண்டுவரவே விடமாட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் ஆபீஸில் கேளுங்கள்.

சிங்கைத் தம்பி:
அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். வீவக (எச்டிபி) புளோக்குகளில் 1989 முதல் இன ஒதுக்கீடு உண்டு. இந்தியர் அளவு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்கும் தமிழர் சீனருக்கோ மலாய்க்காரருக்கோ விற்கலாம், அவர்கள் அளவு நிரம்பாமல் இருந்தால். ஆனால் அங்கே சீனர் ஒருவர் விற்கும் வீட்டைத் தமிழர் வாங்க முடியாது. கேஎல்லில் இப்படி புளோக்குக் கணக்கு கிடையாது.

பால்மரத்தான்:
லிப்ட்காரரே, நன்றி. ஜேஎம்பி ஆபீஸில் என்ன கேட்பது? நான் போய்க் கேட்டால் சொல்வார்களா?

லிப்ட்காரன்:
உங்களுக்குச் சொல்லத் தயங்கலாம். விற்கிறவர் கேட்டால் கொடுக்கணும், அவரையும் கூட்டிப் போங்கள். கடைசி ஆண்டுக் கூட்டத்துக் கணக்கு, சிங்கிங் ஃபண்டில் இப்போது இருக்கும் தொகை, இரண்டையும் வாங்கிப் பாருங்கள். நோட்டீஸ் போர்டில் பாக்கிக்காரர் பட்டியல் ஒட்டியிருந்தால் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். அப்புறம் காலை ஏழு மணிக்குப் போய் லிப்ட்டுக்கு நின்று பாருங்கள், ஏஜென்ட் உங்களை மத்தியானம்தான் கூட்டிப் போவார்.