இரவுப் பணி முடிந்து வீடு வந்த பின்னும் மனம் வார்டிலேயே நிற்கிறது

கேள்வி: செவிலியர், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 6 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மாதத்தில் 10 முதல் 12 நாட்கள் எனக்கு இரவுப் பணி. இரவு 8 மணிக்குத் தொடங்கிக் காலை 8 மணிக்கு முடியும். வேலையின் கடுமையைப் பற்றி எனக்குக் குறை இல்லை, அது தெரிந்துதான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கடந்த சில மாதங்களாக, காலை 10 மணிக்குப் படுத்தால் நண்பகலுக்குள் நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறேன். பொட்டாசியம் கலந்த டிரிப்பின் வேகத்தைச் சரியாக வைத்தேனா, 4ஆம் படுக்கை நோயாளிக்குக் கொடுத்த இன்சுலினை அட்டையில் குறித்தேனா என்ற எண்ணம் வந்துவிட்டால் வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யும் வரை கண் மூட முடிவதில்லை. இதுவரை ஒருமுறைகூடத் தவறு நேர்ந்திருக்கவில்லை என்பதும் அந்த நேரத்தில் ஆறுதல் தருவதில்லை.

முன்பெல்லாம் நோயாளியின் உறவினர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதையே தவிர்க்கிறேன், அதுதான் எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பதால் நான் ஓய்வாக இருப்பதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். நான்கு வயதுக் குழந்தையும் கதவைத் தட்டுகிறது. நான் மனவலிமை குறைந்தவளா, இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

அன்புத் தங்கைக்கு, 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது மனவலிமைக் குறைவு அல்ல. ஓயாத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், நன்றாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கை குறைதல் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், நோயாக அல்லாமல், பணியிடத்தால் விளையும் ஒரு நிலையாகவே பதிவு செய்திருக்கிறது. உறவினர் முகத்தைப் பார்க்க மனம் வராதது உங்கள் குணம் மாறிவிட்டதால் அல்ல. தாங்க முடியாததை மனம் தள்ளி வைக்கப் பார்க்கிறது.

அந்தப் படபடப்புக்கு எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலையில் கை பழக்கத்தால் செய்யும் வேலை நினைவில் தங்குவதில்லை, அதனால்தான் செய்தோமா என்ற ஐயம் பிறகு எழுகிறது. பணியை ஒப்படைக்கும்போது செவிலியர் மேசையில் நின்று சொல்லாமல், அடுத்து வருபவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகச் செல்லுங்கள். டிரிப் மருந்தைச் செலுத்தும் பம்பின் மேல் கை வைத்து அதில் தெரியும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், அவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். மருந்து அட்டையில் இருவரும் ஒருசேரப் பாருங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும். ஆனால் நண்பகலில் ஐயம் எழும்போது, அந்த எண்ணை நீங்கள் சொன்ன குரலும் அவர் திருப்பிச் சொன்ன குரலும் உங்களுக்கு நினைவுக்கு வரும். எனக்கு வார்டுக்குத் தொலைபேசி செய்யும் பழக்கம் இப்படித்தான் நின்றது.

மறுமொழி 2: பொது மருத்துவர், சென்னை

மேலே உள்ளதை ஏற்கிறேன். உடல் சார்ந்த சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். முதலில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். படபடப்பையும் களைப்பையும் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டு ரத்தசோகையைத் தவறவிடுவது பெண்களிடம் அடிக்கடி நடக்கிறது.

காலை வெயில் கண்ணில் படும்போது உடல் அதை விடியலாக எடுத்துக்கொண்டு தூக்கத்திற்கான மெலடோனின் சுரப்பை அடக்கிவிடுகிறது. ஆகவே வீடு திரும்பும்போது கருப்புக் கண்ணாடி அணியுங்கள், படுக்கும் அறையின் சன்னலைத் தடித்த துணியால் மூடுங்கள். காபியில் உள்ள காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், அதிகாலை 3 மணிக்கு மேல் காபி வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய அளவுக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 30 மில்லிகிராம்தான். இரவுப் பணி முடிந்த காலையில் தயவுசெய்து ஸ்கூட்டரில் செல்லாதீர்கள், பேருந்தில் செல்லுங்கள்.

மறுமொழி 3: வார்டு பொறுப்புச் செவிலியர், கோயம்புத்தூர்

மதுரை அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் எல்லாவற்றையும் அந்தச் சகோதரியின் தோளிலேயே ஏற்றுகிறோமோ என்று கவலையாக இருக்கிறது. பணிப்பட்டியல் மோசமாக இருந்தால் கருப்புக் கண்ணாடியால் என்ன பயன்? எங்கள் வார்டில் முன்பு ஒருவருக்குத் தொடர்ந்து 6 இரவுகள் போட்டு, ஒரு நாள் விடுப்புக்குப் பின் காலைப் பணியில் நிறுத்துவோம். பட்டியல் எழுதியவள் நான்தான் என்பதால் அதன் பொறுப்பும் என்னுடையதே. இப்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையிலேயே சுழற்றுகிறோம். உடல் கடிகாரத்திற்குப் பின்னோக்கிப் போவதை விட முன்னோக்கிப் போவது எளிது. தொடர்ச்சியாக 3 இரவுகளுக்கு மேல் யாருக்கும் போடுவதில்லை, கடைசி இரவுக்குப் பின் 2 நாள் விடுப்பு உண்டு. இரவில் ஒருவர் 20 நிமிடம் கண் அயர்ந்து வர, மற்றவர் அவருடைய படுக்கைகளைப் பார்த்துக்கொள்வது என்பதையும் எழுத்தில் வைத்திருக்கிறோம். ஆள் பற்றாக்குறை தீரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் நிர்வாகத்திடம் தனியாகப் போகாமல் நான்கைந்து பேர் சேர்ந்து, புகாராக இல்லாமல், மாதிரிப் பட்டியல் ஒன்றை எழுதியே கொண்டு போனதால் கேட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

மறுமொழி 4: செவிலியர், வேலூர்

வேலையை விடும் முடிவைத் தூக்கம் இல்லாத வாரத்தில் எடுக்காதீர்கள். நான் அப்படி எடுத்துப் பின்னர் வருந்தினேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவர்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை படுக்கை படுக்கையாகச் சென்று பணியை ஒப்படைத்தேன், அன்று வார்டுக்குத் தொலைபேசி செய்யவில்லை. உடன் பணிபுரியும் மூவரிடம் பட்டியலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: குழந்தை நண்பகலில் பள்ளியிலிருந்து வந்துவிடுவதால் தொடர்ந்து 7 மணி நேரம் உறங்க வழியில்லை. இரண்டாகப் பிரித்து உறங்கலாமா?

பொது மருத்துவர், சென்னை

தாராளமாக உறங்கலாம். காலை 9 முதல் 12:30 வரை ஒரு முறையும், பணிக்குக் கிளம்புவதற்கு முன் மாலை 4 முதல் 6 வரை ஒரு முறையும் படுங்கள். இரவுப் பணி உள்ள நாட்களில் அந்த நேரங்களை மாற்றாதீர்கள். மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும்.